அடுத்த வண்டி எப்போது?

கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மணி பார்ப்பதில்லை. ஒன்று கிளம்பினால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து நிற்கும். அரசு பஸ், தனியார் பஸ், இடையில் நிற்காதது, எல்லா ஊரிலும் நின்று போவது என்று ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம். அதே சிதம்பரத்துக்கு அங்கிருந்தும் போகலாம். ஆனால் அங்கே போகிறவர் நேரத்தைத் தெரிந்துகொண்டுதான் போகவேண்டும். ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை காத்திருக்க முடியாது, திரும்பப் பஸ்ஸுக்குத்தான் வரவேண்டும். பஸ்ஸா ரயிலா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்கு இந்த இரண்டு இடங்களும்தான் நினைவுக்கு வருகின்றன.

நாற்பது, நாற்பத்தைந்து கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வழித்தடத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சென்னை போன்ற ஊரில் காலையில் கூட்டம் நகருக்குள் போகும், மாலையில் வெளியே வரும். இங்கே காலையிலும் இரண்டு பக்கமும் கூட்டம்தான். கலெக்டர் ஆபீஸ், மாவட்ட நீதிமன்றம், தலைமை மருத்துவமனை, பெரியார் அரசு கலைக் கல்லூரி எல்லாம் கடலூரில். 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில். சிதம்பரத்தை அடுத்த சி.முட்லூரில் அரசு கலைக் கல்லூரி. அண்ணாமலை நகரின் மருத்துவக் கல்லூரியும் இப்போது அரசின் கடலூர் மாவட்ட மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. பட்டா வேலையாக ஒருவர் வடக்கே போகும்போது, அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்க இன்னொருவர் தெற்கே போகிறார். போகும்போது நிரம்பி, வரும்போது காலியாக ஓடும் வண்டி என்ற கவலை இந்தத் தடத்தில் குறைவு. இதைவிட நல்ல வரம் ஒரு ரயில் பாதைக்கு என்ன வேண்டும்?

நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது மீட்டர் கேஜ். கடலூர் முதுநகரில் ஏறுவேன். மாதச் சீசன் டிக்கெட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு நோட்டுக்குள் வைத்திருப்பேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, அதற்கடுத்து சிதம்பரம். ஸ்டேஷனுக்குக் கிழக்கே இறங்கினால் பல்கலைக்கழகம். பஸ்ஸில் வருகிற நண்பர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ரயில்வே லைனைத் தாண்டி வந்து சேர்வதற்குள் நாங்கள் வகுப்பில் இருப்போம். பரங்கிப்பேட்டை தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம். பாலத்தில் ஏறியதும் வண்டியின் சத்தம் மாறும். படித்துக்கொண்டிருப்பவர்களும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு ஆற்றைப் பார்ப்பார்கள். அந்தப் பெட்டியில் கிள்ளையிலிருந்து வரும் பெண்களும் இருந்தார்கள். ரயில் இருந்ததால்தான் வீட்டில் காலேஜுக்கு விட்டார்கள் என்று அவர்களில் ஒருத்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த நாளில் ஸ்டேஷனில் நான் தவறாமல் பார்த்தது டோக்கன் மாற்றுவதை. ஆளுயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு வளையம், அதன் அடியில் தொங்கும் தோல் பை, பைக்குள் ஓர் உலோக உருண்டை. வண்டி உள்ளே வரும்போது எஞ்சினிலிருந்து ஒரு வளையம் கீழே வரும், பிளாட்பாரத்தில் நிற்பவர் நீட்டும் வேறொரு வளையம் மேலே போகும். உருண்டையை ஸ்டேஷன் மாஸ்டர் தன் அறையில் இருக்கும் சிவப்புப் பெட்டிக்குள் போடுவார். அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதம் கொடுத்தால்தான் அந்தப் பெட்டி இன்னோர் உருண்டையை வெளியே விடும். அது கையில் இருக்கும்வரை, முன்னால் இருக்கும் ஒற்றைத் தண்டவாளம் அந்த வண்டிக்கு மட்டும் சொந்தம். எதிரே வேறு வண்டி வராது. எத்தனை களைப்பாக இருந்தாலும் எவரும் எளிதில் தவறு செய்ய இடம் தராத ஏற்பாடு அது. அந்தச் சின்ன உருண்டையை நம்பி நூற்றுக்கணக்கானோர் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போனார்கள்.

பரங்கிப்பேட்டையில் மீன் கூடைக்காரர்கள் ஏறுவார்கள். அலுமினியக் குண்டான், மேலே ஈரச்சாக்கு, அதன் மேல் பனையோலை. அவர்களுக்கென்று ஒரு பெட்டி, வெண்டர் பெட்டி என்போம். ஒருநாள் பாசஞ்சர் வெகு நேரம் தாமதமாகி நான் மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் பிடித்தபோது, நான் ரயிலில் பார்த்துப் பழகிய அக்கா ஒருவரும் அங்கே கூடையோடு நின்றார். பஸ் நின்றது. கண்டக்டர் படியிலேயே நின்று, "யக்கா, கூடைய ஏத்தாத, தண்ணி ஒழுகும், நாலு பேரு சண்டைக்கு வருவாங்க" என்றார். "மேல போடுறேம்பா, ஏணிய எறக்கு" என்றார் அக்கா. "லக்கேஜ் தனி" என்றார் கண்டக்டர். அதற்குள் பின்னால் வந்த வண்டி ஹார்ன் அடித்தது. பஸ் போய்விட்டது. அக்கா சுமையைத் தலையிலிருந்து இறக்கவில்லை, அடுத்த பஸ்ஸைப் பார்த்தபடி நின்றார். கண்டக்டர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் டிரிப் நேரம், கலெக்‌ஷன், உள்ளே நசுங்கி நிற்கும் கூட்டம். பஸ் என்ற அமைப்பில் ஈரக்கூடைக்கு இடம் யோசிக்கப்படவில்லை. ரயிலில் யாரோ எப்போதோ அதை யோசித்து ஒரு பெட்டி விட்டிருந்தார்கள்.

பரங்கிப்பேட்டை என்றால் நினைவு எங்கெங்கோ போகும். போர்ட்டோ நோவோ என்றுதான் ஸ்டேஷன் பெயரும் ஒரு காலத்தில் இருந்தது. 1781இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயர்களும் மோதிய இடம். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் இங்கே இரும்பு ஆலை நடத்தினார். தென்னிந்தியாவில் பயணிகள் ரயிலே ஓடாத காலத்தில் இரும்பு உருக்கிய ஊர், பிறகு 1870களில் இரும்புப் பாதை வந்தபோது அதன் ஓரத்தில் ஒரு சிறு நிறுத்தமாக அமைந்தது. தென்னிந்திய ரயில்வே போட்ட இந்தப் பாதைக்குத்தான் மெயின் லைன் என்று பெயர். சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம் எனும் மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகத் திருச்சி. பின்னால் விருத்தாசலம் வழியாகக் குறுக்கே போட்ட பாதை கார்டு லைன். நெடுந்தூர வண்டிகள் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தன. அகலப்பாதை முதலில் அங்கே, இரட்டைப் பாதை அங்கே. விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் வரை மெயின் லைன் இன்றும் ஒற்றைப் பாதை.

ஒற்றைப் பாதையில் பாசஞ்சரின் விதி கிராசிங். எதிரே எக்ஸ்பிரஸ் வருகிறதென்றால் பாசஞ்சர் ஓரப்பாதையில் ஒதுங்கும். அப்போது பெட்டி முழுவதும் இறங்கி பிளாட்பாரத்தில் நிற்கும். சுண்டல் விற்கும். யாரோ வீட்டுக் கல்யாணம் பேசி முடியும். எனக்கு அந்த நிமிடங்கள் பிடித்திருந்தன என்பது உண்மை. ஆனால் பத்து மணிக்கு ஆபீஸில் கையெழுத்துப் போடவேண்டியவருக்கும், கோர்ட்டில் பெயர் கூப்பிடப்போகிறவருக்கும் அது தாங்காது. அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொருவராகச் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்காமல் விட்டார்கள்.

அவர்களை ஏற்றிக்கொண்டது பஸ். பஸ்ஸின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுக் கழகம் தந்தை பெரியார் பெயரில் இருந்த காலத்திலிருந்து பார்க்கிறேன், எந்தக் குக்கிராமத்து வாசலிலும் கைகாட்டினால் நிற்கும் வண்டி. மழையில் வழுக்கும் ரோட்டில், கிழவி ஏறி உட்காரும்வரை விசில் கொடுக்காத கண்டக்டர்களை நான் அறிவேன். முதுநகர் தாண்டி சிப்காட் வந்ததும் ரசாயன நாற்றம் உள்ளே அடிக்கும். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடும். பெரியப்பட்டு வரும்போது திறக்கும். சாலையோரம் புளியமரங்கள் இருந்தன. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது மாவட்டம் முழுவதும் மரங்கள் சாய்ந்தன. மிச்சம் இருந்தவற்றை நான்குவழிச் சாலை எடுத்துக்கொண்டது.

ரயிலை மக்கள் மறந்ததற்குத் திட்டவட்டமான ஒரு காலம் உண்டு. அகலப்பாதை வேலைக்காக 2006 கடைசியில் விழுப்புரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே வண்டிகள் நின்றன. பயணிகள் வண்டி மறுபடி ஓடியது 2010இல். 2007இல் பி.எஸ்ஸி. சேர்ந்த ஒரு பிள்ளை, தன் ஊர் ஸ்டேஷனில் ஒரு வண்டிகூட நிற்பதைப் பார்க்காமலே கடைசித் தேர்வு வரை வந்திருக்கும். அந்த மூன்று ஆண்டுகளில் ஊர்ச் சந்தைகள் பஸ் நேரத்துக்கு மாறின. டியூஷன் மாறியது. பெண் கேட்கிற வீட்டார் பஸ் வசதி எப்படி என்று மட்டும் கேட்டார்கள். புதிய தண்டவாளம் பளபளவென்று வந்தபோது, அதற்காக எழுந்து கிளம்பும் பழக்கம் மனிதர்களிடம் இல்லை. பிறகு கொரோனா. பாசஞ்சர்கள் நின்று, திரும்பி வந்தபோது எக்ஸ்பிரஸ் கட்டணத்தோடு வந்தன. குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் மறுபடி 10 ஆனது. கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் போக 30 ரூபாய் கேட்டால், அந்த ஸ்டேஷனுக்கு யார் போவார்கள்?

இப்போது நான்குவழிச் சாலையைப் பார்க்கும்போது, பஸ்ஸுக்கென்று தனித்தடம் போட்டால் என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பிரேசிலில் குரிச்சிபா நகரம் 1974இலேயே அதைச் செய்துகாட்டியது. கொலம்பியாவின் பொகோட்டா 2000இல் தொடங்கி ஒரு பெருநகரையே பஸ்ஸில் சுமந்தது. அகமதாபாத் 2009இல் தொடங்கியது. டெல்லியில் 2008இல் ஆறு கிலோமீட்டர் அளவுக்குப் போட்டார்கள். கார்க்காரர்களின் எதிர்ப்பும் அரைகுறை அமைப்பும் சேர்ந்து 2016இல் அதைப் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள். ஆனால் எங்களுக்குப் பாடம் சொல்லக்கூடியது ஹூப்ளி–தார்வாட். ஒரே மாவட்டத்தின் இரண்டு ஊர்கள். தார்வாடில் மாவட்டத் தலைமையகமும் பல்கலைக்கழகமும், ஹூப்ளியில் வியாபாரமும் ரயில்வே மண்டலமும். நடுவே இருபத்திரண்டு கிலோமீட்டர். சாலையை அகலப்படுத்தி, மையத்தில் பஸ்ஸுக்கு மட்டும் தடம் விட்டு, படியில்லாமல் நேராக உள்ளே நுழையும் உயரத்தில் நிலையங்கள் கட்டி, நிற்காத பஸ் நிற்கிற பஸ்ஸை முந்த இடமும் விட்டு, 2018இல் ஓடவிட்டார்கள்.

அதை இங்கே அப்படியே கொண்டுவரலாமா? எனக்குச் சரியாகப் படவில்லை. ஹூப்ளியும் தார்வாடும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்ட ஊர்கள், வழிநெடுக நகரம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே வயல், சவுக்குத்தோப்பு, இறால் குட்டை, சின்னச்சின்ன ஊர்கள். அந்த நடுப்பகுதியில் பஸ் சிக்குவதே இல்லை. சிக்குவது இரண்டு முனைகளில். கடலூரில் லாரன்ஸ் ரோட்டிலும் முதுநகரிலும், சிதம்பரத்தில் ஊருக்குள் நுழையும் இடத்திலும். நடராஜர் கோயில் ஆருத்ரா தரிசனத்தன்று இதைப் பார்க்கவேண்டும், ஊர் எல்லையிலேயே இறங்கி நடப்பவர்கள் முன்னால் போய்ச் சேர்வார்கள். நெரிசல் இல்லாத இடத்தில் தனித்தடம் எளிது, பயன் குறைவு. நெரிசல் உள்ள இடத்தில் பயன் அதிகம், போடுவதற்கு இடம் கிடையாது. அந்த இரண்டு முனைகளுக்குள்ளும் ஏற்கெனவே தனக்கென்று ஒரு தடம் வைத்திருப்பது ரயில் ஒன்றுதான். யாருடைய வீட்டையும் இடிக்காமல், ஊரின் நடுவயிற்றில் அது போய் நிற்கிறது.

கணக்கும் ரயிலின் பக்கம்தான். பொதுப் பெட்டியில் 90 இருக்கை. பத்துப் பெட்டி வண்டியில் 900 பேர் உட்காரலாம். 55 பேர் உட்காரும் பஸ் என்றால் பதினேழு பஸ் வேண்டும், பதினேழு டிரைவர், பதினேழு கண்டக்டர். மின்பாதையும் வந்துவிட்டது. டீசல் செலவு இல்லை. இத்தனை இருந்தும் கூட்டம் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறது. தினம் போய்வருகிறவருக்கு வேகத்தைவிட முக்கியமானது, எப்போது போனாலும் வண்டி உண்டு என்ற நிம்மதி. பஸ் அந்த நிம்மதியைத் தருகிறது. ரயில் இதுவரை தந்ததில்லை. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பாசஞ்சர்களை வைத்துக்கொண்டு, கூட்டம் இல்லையே என்று ரயில்வே சொல்வது நியாயமாகாது.

வண்டி அதிகமாக ஓடவேண்டும் என்று எழுதும் இந்தக் கை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. 2025 ஜூலை 8 காலை. கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில், விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் கேட்டைக் கடந்துகொண்டிருந்த பள்ளி வேன் மீது மோதியது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் படிக்கப் போன அதே பாதை, அதே காலை நேரம். அன்று அந்தக் கேட் சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். பிணைக்கப்பட்டிருந்தால் கேட் மூடாதவரை வண்டிக்குப் பச்சை விழாது. பிணைக்கப்படாத இடத்தில் எல்லாம் போன் பேச்சிலும் ஒரு மனிதரின் விழிப்பிலும் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது எனக்கு அந்தத் தோல் பையும் உலோக உருண்டையும்தான் நினைவுக்கு வந்தன. இரண்டு ரயில்கள் மோதாமல் இருக்க அத்தனை காலத்துக்கு முன்பே அத்தனை கெட்டியான ஏற்பாட்டை வைத்திருந்தவர்கள் நாம். ரோட்டில் வரும் குழந்தைக்கும் அதே கெட்டியான காவல் கிடைத்திருக்க வேண்டும். மணிக்கு ஒரு வண்டி விடுவதென்றால் கேட் மணிக்கு ஒரு தடவைக்கு மேல் மூடும், அவசரமும் கூடும். அதனால் முதல் செலவு சுரங்கப்பாதைக்கும் கேட் பிணைப்புக்கும்தான். அதற்கு அடுத்தது வண்டி. இந்த வரிசை மாறக்கூடாது.

பஸ்ஸை எதிர்த்து ரயில் ஜெயிக்கவும் முடியாது, ஜெயிக்கவும் வேண்டாம். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடலூர்–சிதம்பரம் மாதிரி வெளியூர் பஸ்ஸில் அந்தச் சலுகை கிடையாது. ஆக, வீட்டிலிருந்து பக்கத்து ஸ்டேஷன் வரை செலவில்லாத டவுன் பஸ், அங்கிருந்து 10, 15 ரூபாயில் ரயில் என்று சேர்த்துப் பார்த்தால், சம்பளத்தில் பெரும்பங்கைப் பயணத்துக்கே கொடுக்கும் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு மாதம் என்ன மிஞ்சும் என்று யாராவது கணக்குப் போடலாம். அதற்கு வேண்டியது, டவுன் பஸ் ஸ்டேஷன் வாசல் வரை வருவதும், வண்டி நேரத்தை ஒட்டி வருவதும். சென்னையை அடுத்த கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் அவ்வளவு பெரிய பஸ் நிலையத்தைத் திறந்தபோது பக்கத்திலேயே ஓடும் ரயிலுக்கு அங்கே ஸ்டேஷன் இல்லை. இங்கிருந்து மூட்டை முடிச்சோடு போய் இறங்கிய எங்கள் ஊர்க்காரர்கள் பட்ட அவதியை இன்னும் சொல்கிறார்கள். பஸ்ஸையும் ரயிலையும் தனித்தனி ஆட்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து திட்டமிட்டால் இப்படித்தான் ஆகும்.

பெரிய கனவுகள் எங்களுக்கும் காட்டப்பட்டன. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ரோட்டில் இருபது சொச்சம் கிலோமீட்டர், ரயிலில் போகவேண்டுமானால் விழுப்புரம் சுற்றவேண்டும். அதைத் தீர்க்கத்தான் சென்னை–மாமல்லபுரம்–புதுச்சேரி–கடலூர் என்று கடற்கரையோரப் பாதை அறிவிக்கப்பட்டது. வெகு காலமாக அது பட்ஜெட் புத்தகத்தில்தான் உயிர்வைத்திருக்கிறது. அது வரட்டும். வரும்வரை, இருக்கிற பாதையைப் பயன்படுத்துவதற்கு என்ன தடை? 2024இல் மைசூரு–மயிலாடுதுறை எக்ஸ்பிரஸைக் கடலூர் துறைமுகம் சந்திப்பு வரை நீட்டினார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரு நெடுந்தூர வண்டி புறப்பட முடியும் என்று அன்று தெரிந்தது. மைசூருக்குப் போகும் வண்டி புறப்படலாம் என்றால், கிள்ளைக்குப் போகும் வண்டியும் புறப்படலாம்.

நான் கேட்பது இதுதான். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்துக்கு, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் சின்ன மெமு வண்டி, விடியற்காலை முதல் இரவு வரை மணிக்கு ஒன்று, ஒரு பெட்டி கூடைக்காரர்களுக்கு. எக்ஸ்பிரஸுக்காக அதை ஒதுக்கி நிறுத்தாமல் இருக்க, தேவையான இடங்களில் கிராசிங் பாதை, முடிந்தபோது இரட்டைப் பாதை. முதல் மாதம் எத்தனை டிக்கெட் விற்றது என்று பார்த்து நிறுத்திவிடக்கூடாது. மூன்று ஆண்டுக்கு மேல் வண்டியை நிறுத்தி விட்டுப்போன பழக்கம் மூன்று மாதத்தில் திரும்பாது. குறைந்தது அதே மூன்று ஆண்டுகளாவது விடாமல் ஓட்டவேண்டும். கிள்ளையிலோ புதுச்சத்திரத்திலோ பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண் கடலூர் காலேஜில் சேரவேண்டும் என்று கேட்கும்போது, "சாயங்காலம் லேட்டானாலும் ரயில் இருக்கு, போயிட்டு வரட்டும்" என்று வீட்டில் யோசிக்காமல் சொல்லும் நாள் வந்தால், அந்தப் பாதை தன் வேலையைச் செய்கிறது என்று நான் ஒப்புக்கொள்வேன்.